கஞ்சி குடித்தும் ஆறாத வயிறு

2022 ஆகஸ்டில் தொடங்கி எட்டு மாதம் என் வயிறு எரிந்தது. அதில் நாலு மாதம் நான் பத்தியச் சாப்பாடுதான் சாப்பிட்டேன். மிளகாய் கிடையாது, புளி கிடையாது, காபி கிடையாது, எண்ணெயில் பொரித்தது எதையும் தொடவில்லை. அப்படியும் ஆறவில்லை. ஏன் ஆறவில்லை என்று தெரிந்துகொள்ள ரத்தம் போய், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தது. வயிற்றுப் புண்ணுக்கு என்ன சாப்பிடலாம் என்று அன்று என்னைப்போலத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. மனைவியும் பிள்ளையும் ஊரில், நான் இங்கே ரூமில். மூன்று வேளையும் மெஸ், இடையிடையே பேக்கரி டீ. ஷிப்மெண்ட் நாள் என்றால் ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா. இப்படியே பத்து வருஷம் ஓடியது, வயிறு ஒரு வார்த்தை சொன்னதில்லை. 2022 ஜூனில் மழையில் வண்டி சறுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. டாக்டர் ஐந்து நாளைக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார், டைக்ளோஃபெனாக். போட்டதும் வலி நின்றது, விட்டதும் வந்தது. அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் இன்னொரு அட்டை வாங்கினேன். மூன்றாவது தடவை சீட்டுக்கூடக் கேட்கவில்லை. மஞ்சள் அட்டை என்று சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ராத்திரி படுக்கும் முன் ஒன்று, வேலை அதிகமான நாளில் காலையில் வெறும் டீயோடு இன்னொன்று.

இரண்டு மாதத்தில் நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சல் ஆரம்பித்தது. பசித்தால் எரியும், சாப்பிட்டால் ஒரு மணி நேரம் அடங்கி மறுபடி எரியும். அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பிவிடும். கேஸ் என்றுதான் நினைத்தேன். சோடா குடித்தேன், ஓமத் தண்ணீர் குடித்தேன். யாரோ சொல்லி, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையும் வாங்கிப் போட்டேன். அதைச் சாப்பிட்டுவிட்டுப் போடுவேன், நாலு நாள் போட்டால் ஒரு வாரம் மறந்துவிடுவேன். காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால்தான் அது சரியாக வேலை செய்யும் என்பது அப்போது தெரியாது. சாப்பிடும்போதுதான் வயிற்றில் அமிலம் சுரக்கும் செல்கள் முழு வேகம் எடுக்கின்றன. அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும்.

ராத்திரி எரிச்சலுக்குக் குளிர்ந்த பால் குடிக்கிற பழக்கமும் அப்போது வந்ததுதான். குடித்ததும் அவ்வளவு இதமாக இருக்கும். ஒன்றரை மணி நேரம் கழித்து முன்பைவிட அதிகமாக எரியும். நான் இன்னொரு டம்ளர் குடிப்பேன். பாலில் உள்ள புரதமும் கால்சியமும் அமிலத்தை மறுபடி சுரக்க வைக்கும் என்று பின்னால்தான் டாக்டர் சொன்னார். அந்தக் காலத்தில் புண்ணுக்குப் பால்தான் மருந்து என்று டாக்டர்களே சொல்லியிருக்கிறார்களாம். இப்போது அப்படிச் சொல்வதில்லை. பகலில் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் பால் ஒத்துக்கொண்டால் தவறில்லை, எரிகிறபோதெல்லாம் பாலைத் தேடுவதுதான் வேண்டாம்.

அக்டோபரில் பத்தியம் ஆரம்பித்தேன். இணையத்தில் பார்த்ததையெல்லாம் செய்தேன். வெறும் வயிற்றில் சோற்றுக் கற்றாழைச் சாறு, முட்டைக்கோஸ் சாறு, வெள்ளரிக்காய். ஒரு கடையில் 48 நாளில் அல்சர் போய்விடும் என்று சொல்லி மூன்று டப்பா பொடி கொடுத்தார்கள், 6,400 ரூபாய். கற்றாழை எனக்குப் பேதியைத்தான் கொடுத்தது. முட்டைக்கோஸ் வயிற்றை உப்ப வைத்தது. எதைத் தின்றாலும் எரியும் என்ற பயத்தில் சாப்பாட்டையே குறைத்தேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி கஞ்சி. ஒன்பது கிலோ இறங்கிவிட்டது. இடையில் ஒரு தடவை ஊருக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏய்யா, என்னய்யா இது, கழுத்தெலும்பு தெரியுது" என்றாள். அன்று ராத்திரி கிணற்றடியில் தனியாக உட்கார்ந்து அழுதேன். கேன்சராக இருக்குமோ என்ற பயம். அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

நவம்பரில் ஒரு நாள் நடு ராத்திரி வலி தாங்க முடியாமல் வியர்த்துக் கொட்டியது. ஆட்டோ பிடித்து ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனேன். முதலில் ஈசிஜி எடுத்தார்கள். நான் வயிற்றைத்தானே காட்டினேன், நெஞ்சுக்கு எதற்கு என்று கோபம் வந்தது. இப்போது நினைத்தால் அவர்கள் செய்தது சரி. கேஸ் என்று சோடா குடித்துவிட்டு வீட்டிலேயே இருந்து மாரடைப்பில் போனவர்களை நமக்கெல்லாம் தெரியும். மேல்வயிற்று வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் ஈசிஜிக்குத் தயங்காதீர்கள். எனக்கு ஈசிஜி நன்றாக இருந்தது. ஊசி போட்டார்கள். பிபி, சுகருக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மைதானே. மஞ்சள் அட்டை என் ஞாபகத்துக்கே வரவில்லை. அது இடுப்புக்கு, இது வயிற்றுக்கு. 3,200 ரூபாய் கட்டிவிட்டு விடிகிற நேரத்தில் ரூமுக்கு வந்து, ராத்திரி முழுக்க விறைத்துப் படுத்ததில் இடுப்பு வலித்ததால் ஒரு மஞ்சள் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன்.

டிசம்பரில் எண்டோஸ்கோபி செய்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது. குழாயை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொண்டை மரத்துப்போக ஸ்பிரே அடிப்பார்கள், ஐந்து பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான். மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் சமாளிக்கலாம். இரைப்பையின் கீழ்ப்பகுதி சிவந்து வீங்கி, அங்கங்கே தோல் உரிந்த மாதிரி இருக்கிறது என்றார்கள். இரைப்பை அழற்சி. சதைத் துணுக்கு எடுத்து, வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று அங்கேயே டெஸ்ட் செய்தார்கள், கிருமி இல்லை என்று வந்தது. நான் அன்று காலை வரை பான்டோபிரசோல் போட்டிருந்தேன். அந்த வகை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம், இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. டாக்டர் செலவையும் சேர்த்து 5,900 ரூபாய். எனக்குப் பணம்கூடப் பெரிதில்லை, அந்தத் தப்பான ரிப்போர்ட்டால் இன்னும் இரண்டு மாதம் போனதுதான் ஆறவில்லை. நீங்கள் டெஸ்டுக்குப் போகிறீர்கள் என்றால் எந்த மாத்திரையை எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பிப்ரவரியில் மலம் கறுப்பாகப் போனது. வெறும் கறுப்பு இல்லை, தார் மாதிரி பிசுபிசுப்பாக, ஒரு மோசமான வாடையோடு. முந்தின நாள் கேழ்வரகுக் களி சாப்பிட்டதால் என்று நினைத்து மூன்று நாள் விட்டுவிட்டேன். நாலாவது நாள் கம்பெனியில் மாடி ஏறும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். ஹீமோகுளோபின் 8.6. ஆண்களுக்குப் பதின்மூன்றுக்குக் கீழே போகக் கூடாது. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் குடல் வழியாக வரும்போது கறுப்பாகிவிடும். சிவப்பாக வந்திருந்தால் அன்றே ஓடியிருப்பேன், கறுப்பு என்னை ஏமாற்றிவிட்டது. தார் மாதிரி மலம், காபித்தூள் கலந்த மாதிரி வாந்தி இரண்டில் எது வந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காரணமில்லாமல் எடை குறைவதும் விழுங்கச் சிரமப்படுவதும் கஞ்சி குடித்துக் காத்திருக்கிற விஷயங்கள் இல்லை.

அன்று ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த பெண் டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. "ரூம்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு யாரையாவது கொண்டுவரச் சொல்லுங்க, தலைவலி மாத்திரைகூட விடாம" என்றார். என்னோடு வேலை பார்க்கும் பையன் கொண்டுவந்தான். கவரைக் கட்டிலில் கொட்டினார். பொடி டப்பா, கேஸ் பவுடர், பான்டோபிரசோல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மஞ்சள் அட்டையைக் கையில் எடுத்தார். எத்தனை நாளாக என்றார். எட்டு மாதம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு அவரே பொறுமையாக விளக்கினார். வயிறு தன் அமிலத்தால் தானே வெந்துபோகாமல் இருக்க உள்ளே ஒரு வழவழப்பான பூச்சு இருக்கிறது. அதை உண்டாக்கச் சொல்லும் ரசாயனத்தைத்தான் இந்த வகை வலி மாத்திரைகள் குறைக்கின்றன. மாத்திரை வயிற்றில் பட்டு மட்டும் அரிப்பதில்லை, ரத்தத்தில் கலந்தும் இதைச் செய்யும். அதனால் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது என்பதும், ஊசியாகப் போட்டால் வயிற்றுக்குப் பாதிப்பில்லை என்பதும் முழு உண்மை இல்லை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் எல்லாம் ஒரே குடும்பம். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர்களுக்கும் இந்தப் பிரச்சினை வரலாம், ஆனால் அவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.

இந்தத் தடவை எண்டோஸ்கோபியில் இரைப்பையின் பல இடங்களில் சதைத் துணுக்கு எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். நாலு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறது. ஆக எனக்கு இரண்டு காரணமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் புண் வரவும் ரத்தம் கசியவும் வாய்ப்பு இன்னும் அதிகம். அமிலத்தில் கிருமி வாழாது என்றுதான் ரொம்ப நாள் மருத்துவ உலகமே நம்பியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு டாக்டர்கள் 1982-ல் இதை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இதைப் படித்தபோது, என் காரத்தையும் கவலையையும் மட்டுமே குற்றம் சொல்லிக்கொண்டிருந்த எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

பதினாலு நாள் மருந்து. கிளாரித்ரோமைசின், அமாக்ஸிசிலின், கூடவே அமிலம் குறைக்கும் மாத்திரை. வாயெல்லாம் இரும்பை நக்கிய மாதிரி கசக்கும், இரண்டு மூன்று முறை வயிறு இளகிப் போகும். ஐந்தாம் நாள் விட்டுவிடலாமா என்று தோன்றியது. விடாதீர்கள். பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடலாம், அடுத்த தடவை வேறு மருந்து தேட வேண்டியிருக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அதைப் போட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும். அது தெரியாமல் ஒரு நாள் நடுங்கிப்போய் டாக்டருக்கு போன் செய்தேன்.

இனி சாப்பாடு. டிஸ்சார்ஜ் ஆன அன்றே அம்மா பஸ் ஏறி வந்து என் ரூமில் ஒரு மாதம் இருந்தாள். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, இரண்டு பாத்திரம். டாக்டர் சொன்னது இதுதான்: புண்ணை ஆற்றுகிற சாப்பாடு என்று தனியாக ஒன்றும் இல்லை. காரணத்தை எடுத்துவிட்டோம், மருந்து கொடுத்திருக்கிறோம், வயிற்றைத் தொந்தரவு செய்யாமல் நன்றாகச் சாப்பிட்டால் அது தானே ஆறும். "நன்றாக" என்பதை அழுத்திச் சொன்னார், ஏனென்றால் நான் பட்டினி கிடந்து ரத்தத்தையும் சத்தையும் இழந்திருந்தேன்.

முதல் வாரம் காலையில் பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, சீரகம் போட்டு, ஒரு சொட்டு நெய் விட்ட கஞ்சி. வெதுவெதுப்பாகத்தான் கொடுப்பாள், ஆவி பறக்கத் தரமாட்டாள். பத்தரை மணிக்கு நன்றாகப் பழுத்த வாழைப்பழம். மதியம் குழைந்த சோறு, பருப்பு, சுரைக்காயோ பீர்க்கங்காயோ வெண்பூசணியோ போட்ட கூட்டு. அதில் மிளகாய் கிடையாது, தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டது. நாலு மணிக்கு நனைத்த அவலோ பன்னோ. ராத்திரி ஏழரைக்குள் இட்லி அல்லது இடியாப்பம். ஒன்பதரைக்கு முன் படுக்க விடமாட்டாள். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுத்தால் எதுக்களிப்பு வராது என்று டாக்டர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். இரண்டாம் வாரத்திலிருந்து அவித்த முட்டை, புளி விடாமல் மஞ்சளும் உப்பும் போட்டு ஆவியில் வேகவைத்த மீன். புண் ஆறப் புரதம் வேண்டும், நான் நாலு மாதமாக அதைத்தான் தொடவே இல்லை.

மணத்தக்காளிக் கீரை வாரம் மூன்று நாள். வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் அதுதான் மருந்து என்பது அம்மாவின் நம்பிக்கை. பாசிப்பருப்போடு சேர்த்துக் கடைந்தால் எனக்கு அவ்வளவு ஒத்துக்கொண்டது. ஆனால் மாத்திரையின் இடத்தில் கீரையை வைத்திருந்தால் நான் மறுபடி ஆஸ்பத்திரியில்தான் இருந்திருப்பேன். மோர் விஷயத்தில் ஒரு பாடம் கற்றேன். அன்று காலை உறைந்த புளிக்காத தயிரைத் தண்ணீராகக் கரைத்துக் குடித்தால் இதம், அதே தயிர் ராத்திரிக்குப் புளித்துவிட்டால் எரிச்சல். புளித்த கேழ்வரகுக் கூழ் எரித்தது, அன்றே காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி ஒன்றும் செய்யவில்லை. ரசம் லேசானதுதானே என்று நினைத்தேன், ஆனால் புளி, தக்காளி, மிளகு மூன்றும் அதில்தான் இருக்கிறது. ஆறு வாரம் ரசத்தைத் தொடவில்லை. இட்லிப் பொடி, பச்சை வெங்காயம், ஆரஞ்சு இவையும் எனக்கு ஆகவில்லை. உங்களுக்கு வேறாக இருக்கும். அம்மா ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எதைச் சாப்பிட்டு எப்போது எரிந்தது என்று எழுத வைத்தாள். இரண்டு வாரத்தில் என் வயிறு எதைக் கேட்கிறது என்று அதில் தெரிந்துவிட்டது. இணையத்தில் நான் படித்த எந்தப் பட்டியலும் அவ்வளவு உதவியதில்லை.

அம்மா ஊருக்குப் போன பிறகு மறுபடி மெஸ்தான். என்னைப்போலத் தனியாக இருப்பவர்கள் மெஸ் சாப்பாட்டில் புண் ஆறாது என்று மனம் விட்டுவிட வேண்டாம். மெஸ் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அட, முன்னமே சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றார். கூட்டில் தாளிப்பும் காரமும் சேர்க்கும் முன் எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுவார். சோறு, பருப்பு, நெய், அந்தக் கூட்டு, மோர். குழம்பைத் தவிர்த்தால் போதும், முழு வயிற்றுச் சாப்பாடு. காலையில் இட்லிக்குச் சாம்பாரைக் குறைத்து, காரமில்லாத தேங்காய்ச் சட்னி. டீயை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைத்தேன், எப்போதும் ஏதாவது சாப்பிட்ட பிறகுதான். ஷிப்மெண்ட் நாளில் பையில் இரண்டு பழமும் ஒரு பன்னும் இருக்கும். வயிறு காலியாகக் கிடக்கும் நேரம்தான் எனக்குக் காரத்தைவிட அதிகம் எரித்தது. சிகரெட் பிடிப்பவர்களும் குடிப்பவர்களும் புண் ஆறும் வரையாவது நிறுத்தியே ஆக வேண்டும், எவ்வளவு கஞ்சி குடித்தாலும் அது ஈடாகாது.

கிருமி போய்விட்டதா என்று பார்க்காமல் விடக் கூடாது. கிருமி மருந்து முடிந்து நாலு வாரம் கழித்து, அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு டெஸ்ட் செய்ய வேண்டும். இந்தத் தடவை நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோயம்புத்தூர் போய் மூச்சை ஊதும் டெஸ்ட் எடுத்தேன், 2,500 ரூபாய், குழாய் எதுவும் கிடையாது. கிருமி இல்லை. பொடியிலிருந்து ஆஸ்பத்திரி பில்லும் மருந்தும் வரை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 54,000 ரூபாய் போனது, 22 நாள் லீவு போனது. மே மாதம் எடை ஆறு கிலோ திரும்பி வந்திருந்தது.

இடுப்பு வலிக்குப் பிசியோதெரபி போனேன். அவர் சொல்லிக் கொடுத்த நாலு பயிற்சியைத் தினமும் காலையில் பதினைந்து நிமிஷம் செய்கிறேன். வலித்தால் டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால். இப்போது எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும், உட்கார்ந்ததும் வயிற்றில் ரத்தம் கசிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனபோது மட்டும் பதற்றத்தில் சொல்ல மறந்துவிட்டேன். சீட்டை வாங்கிப் பார்த்தால் மூன்றாவது வரியில் டைக்ளோஃபெனாக். மறுபடி உள்ளே போய்ச் சொன்னேன். அவர் அந்த வரியை அடித்துவிட்டுப் பாராசிட்டமால் என்று எழுதிக் கொடுத்தார்.